பின் டிரம் பிரேக்கில் ஆயில் கசிகிறது: கிட் போட்டால் போதுமா, வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

உங்கள் பழைய ஆல்டோவில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, அதுவும் புது பிரேக் ஷூ போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களை மட்டும் புதிதாகப் போடும் கிட் வேண்டாம், சிலிண்டரையே மாற்றுங்கள். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஷூ மாற்றிய மெக்கானிக் மேல் சந்தேகப்பட வேண்டாம். வீல் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ரப்பர் கப், நடுவில் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ஆயில் பிஸ்டன்களை இருபுறமும் தள்ளும், அவை ஷூவை டிரம்மில் அழுத்தும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய பிஸ்டன்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகர்ந்து அங்கேயே வேலை செய்யப் பழகிவிடும். கப் தொடாத நடுப்பகுதியில் துருவும் கசடும் சேரும். தடிமனான புது லைனிங் போட்டதும் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்படுகின்றன, கப் அந்தச் சொரசொரப்பான இடத்தில் உரசிக் கிழிகிறது. கோளாறு முன்பே இருந்தது. இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது? பிரேக் ஆயிலிலிருந்துதான். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது இது ஆபத்து. அதனால் பெடல் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்கிறேன். நம் ஊரில் பலரும் குறைந்தால் ஊற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலிண்டர்கள் கெடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் மட்டும் கிட் போடலாம். விரல் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் புது கப்பும் சீக்கிரமே கசியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் துளை பெரிதாகி கப் இறுக்கமாக உட்காராது.

டிரம்மைக் கழற்றியதும் சிலிண்டரின் டஸ்ட் பூட்டை (முனையை மூடும் ரப்பர் உறை) லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் கப் போய்விட்டது. ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பக்கச் சக்கரம் வேறுமாதிரிப் பிடிக்கும், திடீர் பிரேக்கில் வண்டி இழுக்கும். ஷூவையும் ஜோடியாக மாற்றுவதுதான் சரி. டிரம் கழன்றிருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள். ரப்பர் பாகங்களில் பெட்ரோல், டீசல், கிரீஸ் எதுவும் படக் கூடாது, ஊதிப்போய்விடும்.

அம்பாசடர், ஆம்னி மாதிரி பின்சக்கரத்தால் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே ஆக்சில் சீல் வழியாக கியர் ஆயிலும் டிரம்முக்குள் வரலாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள்: பிரேக் ஆயில் கரைந்துவிடும், கியர் ஆயில் மிதக்கும்.

மாற்றிய பிறகு ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சிலிண்டரிலுள்ள நிப்பிளை (காற்றை வெளியே விடும் திருகு) திறந்து, மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். குமிழி நிற்கும்வரை செய்யுங்கள், நடுவில் பிரேக் ஆயில் டப்பா காலியாக விடாதீர்கள். இதற்கு ஊற்றும் ஆயில் சீல் பிரிக்காத பாட்டிலாக இருக்கட்டும். முன்பு திறந்து வைத்த மீதி வேண்டாம்.