சிந்துவைத் தோற்கடித்த கரோலினா மரினை உங்களுக்குப் பிடிக்குமா? அவருடைய எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

பிடிக்காது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016 ஆகஸ்ட் 19. ரியோ ஒலிம்பிக் பேட்மின்டன் மகளிர் ஒற்றையர் இறுதிப்போட்டி. எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் கூடி உட்கார்ந்திருந்தோம். முதல் கேமில் 16-19 என்று பின்தங்கியிருந்த சிந்து அடுத்தடுத்து ஐந்து புள்ளி எடுத்து 21-19 என்று முடித்தபோது, மாடி வீட்டு அத்தை எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 12-21, 15-21. வெள்ளி.

அன்றைக்கு என் கோபமெல்லாம் அந்தக் கூச்சலின் மேல்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கத்தல். இறகுப்பந்தை மாற்றித் தரச்சொல்லி நடுவரிடம் போவார், கோர்ட்டின் பின்கோடு வரை நடந்துவிட்டு நிதானமாகத் திரும்பி வருவார். வேண்டுமென்றே சிந்துவின் வேகத்தை உடைக்கிறார் என்று எங்கள் வீட்டில் ஆளாளுக்குத் திட்டினோம். கடைசிப் புள்ளி முடிந்ததும் மரின் தரையில் விழுந்து அழுதார். சிந்து வலையைத் தாண்டிப் போய் அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கீழே கிடந்த மரினின் ராக்கெட்டையும் எடுத்து அவருடைய பை இருந்த இடத்தில் வைத்தார். தோற்றவருக்கே இல்லாத கோபத்தை நான் சில வருஷம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

கேட்டிருப்பவருக்கும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதனால் மரின் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில் ஹுயெல்வா என்று ஒரு துறைமுக ஊர். 1993இல் அங்கே பிறந்தார் மரின், வீட்டுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் கற்றுக்கொண்டது ஃபிளமென்கோ நடனம். ஒரு தோழி கூட்டிப்போனதால் பேட்மின்டன் கூடத்துக்குள் நுழைந்தார். ஸ்பெயினில் கால்பந்துக்கும் டென்னிசுக்கும் இருக்கிற மவுசில் துளிகூட இந்த ஆட்டத்துக்குக் கிடையாது. நம்மூரிலாவது தெருவில் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி, லைட் போட்டு ராத்திரி ஷட்டில் ஆடுகிறோம். அங்கே இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது என்பதையே பலருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய நிலை. 14 வயதில் வீட்டை விட்டு மாட்ரிட்டில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்குப் போனார். பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ ரிவாஸ் அங்கே அவரை வளர்த்தெடுத்தார். சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு வீராங்கனைக்குப் பயிற்சியில் எதிரே நிற்க அதே தரத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். மரினுக்கு அது இல்லை. ஆண்களோடு ஆடித்தான் தேறினார்.

2014இல் கோபன்ஹேகனில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. எதிரே சீனாவின் லீ சூருய், அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன். முதல் கேமை 17-21 என்று விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் 21-17, 21-18 என்று எடுத்தார் மரின். அப்போது வயது 21. உலகச் சாம்பியன்ஷிப்பில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்ற ஐரோப்பியர்கள் அதுவரை இரண்டே பேர், இருவரும் டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள்: 1977இல் லேனே கோப்பன், 1999இல் கமில்லா மார்ட்டின். மறு வருஷம் நம் சாய்னா நேவாலின் முறை. மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியிலும் ஆகஸ்ட்டில் ஜகார்த்தா உலகச் சாம்பியன்ஷிப் இறுதியிலும் மரினிடம்தான் தோற்றார். பிறகு ரியோ தங்கம். ஆசியாவுக்கு வெளியே மகளிர் ஒற்றையர் ஒலிம்பிக் தங்கம் போனது அதுவே முதல் முறை. 2018இல் நான்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் மறுபடியும் சிந்து, 21-19, 21-10. மூன்று முறை உலகச் சாம்பியனான முதல் பெண் மரின்தான். 2025இல் ஜப்பானின் யமகுச்சி அந்த எண்ணிக்கையைத் தொட்டார்.

பட்டியல் இத்தோடு போதும். அவரைப் பற்றி நான் மனசு மாறியதற்குக் காரணம் பட்டங்கள் இல்லை, அவருடைய முழங்கால்கள்.

2017இல் எனக்கே இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. காலை ஆறு மணிக்கு வழக்கமாக ஆடும் கூடம். தலைக்கு மேல் வந்த இறகுப்பந்தைப் பின்னால் சாய்ந்து எம்பி அடித்துவிட்டுத் தரையில் கால் வைத்தேன். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். பக்கத்துக் கோர்ட்டில் இருந்தவர்கள்கூட ராக்கெட் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். முதலில் காட்டிய மருத்துவமனையில் வெறும் சுளுக்கு என்று சொல்லி மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வேறிடத்தில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஏசிஎல் என்கிற அந்த முழங்கால் ஜவ்வு முழுசாக அறுந்திருப்பது தெரிந்தது. “இந்த வயசுல இனிமே ஷட்டில் எதுக்கும்மா? வாக்கிங் போங்க, போதும்” என்றார் அங்கே ஒருவர். அந்த வாக்கியம் இன்றைக்கும் வலிக்கிறது.

பேட்மின்டனில் இந்த ஜவ்வு அறுவதற்கு ஒரு வழக்கமான விதம் உண்டு. வலைக்கருகே காலை நீட்டிப் பாய்ந்து எடுக்கும்போதும் முழங்காலுக்கு அடி உண்டுதான். ஆனால் பெரிய ஆபத்து பின்மூலையில் இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது பின்மூலை, இடக்கைக்காரருக்கு வலது பின்மூலை. அங்கே உயரமாக வரும் இறகுப்பந்தை பேக்ஹேண்டில் எடுக்காமல், உடம்பை வளைத்துத் தலையைச் சுற்றி ஃபோர்ஹேண்டில் அடிப்பார்கள். அடித்துவிட்டு இறங்கும்போது உடம்பின் முழு எடையும் ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் காலில், அதுவும் முழங்கால் உள்பக்கம் மடங்குகிற வாகில் விழுகிறது. நான் வலக்கை, போனது இடது முழங்கால். மரின் இடக்கை. எம்பி இறங்குகிற ஆட்டங்களில் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது. ஒற்றையர் ஆட்டத்தில் 5.18 மீட்டர் அகலம், 6.7 மீட்டர் நீளம் உள்ள தன் பாதி முழுவதையும் ஒருத்தியே காக்க வேண்டும். 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் சிந்துவும் ஜப்பானின் ஒகுஹாராவும் 110 நிமிஷம் ஆடினார்கள். அவ்வளவு நேரத்தில் எத்தனை தடவை எம்பி இறங்கியிருப்பார்கள் என்று யோசித்தாலே என் முழங்கால் கூசுகிறது.

2019 ஜனவரி 27, ஜகார்த்தா. இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி, எதிரே சாய்னா. 10-4 என்று முன்னிலையில் இருந்தபோது எம்பி இறங்கிய மரின் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து இன்னும் சில புள்ளி ஆடிப் பார்த்தார், முடியவில்லை. ஏசிஎல். அதை நான் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. “நல்லா வேணும்” என்று வீட்டில் யாரோ சொன்னார்கள். முதல் முறையாக அவருக்காக நான் சண்டை போட்டேன்.

அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். கால் ஆறிவிடும், மனசு ஆறாது. பிசியோ சொன்ன பயிற்சி எல்லாவற்றையும் செய்து முடித்து நான் கோர்ட்டில் இறங்கியபோது, பின்மூலைக்கு ஒரு உயரப் பந்து வந்தாலே உடம்பு தானாக நின்றுவிடும். பல மாதம் எம்பவே இல்லை. மரின் அதே செப்டம்பரில், எட்டே மாதத்தில், சாங்ஜோவில் சீனா ஓப்பன் இறுதியில் தைவானின் தாய் சூ யிங்கை எதிர்கொண்டு நின்றார். பந்தை எங்கே வைப்பார் என்று யாராலும் கணிக்க முடியாத கைக்காரி தாய் சூ யிங். எதிராளியை மூலைக்கு மூலை ஓடவிட்டுத் திசை மாற்றுவதுதான் அவருடைய ஆயுதம், புது முழங்காலுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. முதல் கேம் 14-21. அடுத்தவை 21-17, 21-18. பட்டம் மரினுக்கு.

அதற்குப் பிறகு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். 2020 பிப்ரவரியில் அப்பா வேலையிடத்து விபத்தில் படுகாயம் அடைந்து ஜூலையில் இறந்தார். ஆறு மாதம் கழித்து, 2021 ஜனவரியில் பாங்காக்கில் அடுத்தடுத்து இரண்டு தாய்லாந்து ஓப்பன் பட்டங்கள், இரண்டு இறுதியிலும் தாய் சூ யிங்கை நேர் கேம்களில் வீழ்த்தி. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் இவருக்குத்தான் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மே மாதக் கடைசியில் பயிற்சியின்போது இந்த முறை இடது முழங்கால். ஏசிஎல்லோடு, முழங்காலுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற இரண்டு குருத்தெலும்புகளும் கிழிந்தன. டோக்கியோ போயிற்று. அந்த டிசம்பரில் உலகச் சாம்பியன்ஷிப் அவருடைய சொந்த ஊரான ஹுயெல்வாவிலேயே நடந்தது. ஸ்ரீகாந்த் வெள்ளியும் லக்‌ஷ்யா சென் வெண்கலமும் எடுத்தார்களே, அந்தப் போட்டிதான். அது நடந்த அரங்கத்தின் பெயரே கரோலினா மரின் விளையாட்டு அரங்கம். தன் பெயர் சுவரில் இருந்தும் அவரால் உள்ளே ஆட முடியவில்லை.

காயம் பட்டால் வலி மட்டும் இல்லை. கடந்த 52 வாரத்தில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தை வைத்துத்தான் தரவரிசை. ஆடாத ஒவ்வொரு வாரமும் பழைய புள்ளிகள் கழன்று விழுந்துகொண்டே இருக்கும். காயம் பட்டவர்களுக்குத் தரவரிசைப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. போட்டியில் நுழைய அது உதவும், போன ஆட்டத்தைத் திருப்பித் தராது. 2022 ஏப்ரலில் மாட்ரிட்டில் திரும்பி வந்த மரின் நேராக ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை எடுத்தார். 2023 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி வரை போய் தென்கொரியாவின் ஆன் சே யங்கிடம் தோற்றார். 2024இல் ஒன்பது வருஷம் கழித்து மறுபடியும் ஆல் இங்கிலாந்து பட்டம். இரண்டு முழங்காலிலும் அறுவை செய்துகொண்ட 30 வயதுப் பெண்.

பிறகு பாரிஸ் ஒலிம்பிக். 2024 ஆகஸ்ட் 4, அரையிறுதி, எதிரே சீனாவின் ஹீ பிங்ஜியாவோ. முதல் கேம் 21-14. இரண்டாவதில் 10-6. மறுபடியும் வலது முழங்கால். பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார், இரண்டு புள்ளி போனது, நகர முடியவில்லை. முழங்காலிட்டு அழுத அழுகை அரங்கம் முழுக்கக் கேட்டது. என்னால் பார்க்க முடியவில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது ரியோ அரையிறுதி நினைவுக்கு வந்தது. 2016இல் மரினோடு அரையிறுதி ஆடிய லீ சூருய்க்கும் அந்த ஆட்டத்திலேயே முழங்கால் ஜவ்வு போனது. வெண்கல ஆட்டத்துக்கு அவரால் வர முடியாமல், ஒகுஹாராவுக்கு ஆடாமலேயே பதக்கம் கிடைத்தது. பாரிஸில் மரின் வர முடியாததால் இந்தோனேசியாவின் கிரெகோரியா துன்ஜுங்குக்கு அப்படியே கிடைத்தது. பாரிஸில் தங்கம் வென்ற ஆன் சே யங்கும் அதற்கு முந்தின வருஷம் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில் முழங்கால் காயத்தோடு ஆடி ஜெயித்தவர்தான். சாய்னா தன் மூட்டுவாதத்தைப் பற்றி 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். இத்தனை பேரையும் நாம் ‘யார் யாரைத் தோற்கடித்தார்’ என்ற கணக்கில் மட்டும் நினைவு வைத்திருக்கிறோம்.

ஹீ பிங்ஜியாவோ வெள்ளிப் பதக்கத்தோடு மேடையில் நின்றபோது கையில் ஸ்பெயின் ஒலிம்பிக் அணியின் சின்னம் பொறித்த சின்ன பின் ஒன்றைப் பிடித்திருந்தார். மரினும் அந்த மேடையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ரியோவில் சிந்து ராக்கெட்டை எடுத்து வைத்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. எதிரே நின்று ஆடியவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, கூடத்தில் உட்கார்ந்து திட்டிய எனக்குத் தெரியாமல் போனது.

கூச்சலைப் பற்றி: 2023 டென்மார்க் ஓப்பன் அரையிறுதியில் மரினுக்கும் சிந்துவுக்கும் வாக்குவாதம் முற்றி இருவருக்குமே மஞ்சள் அட்டை காட்டினார்கள். நடுவர் செய்தது சரி. எதிராளி சர்வீஸுக்குத் தயாராக நிற்கும்போது நேரம் கடத்துவது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அதில் மரினுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தக் கத்தல் வேறு. இரண்டு முழங்காலும் போய்த் திரும்பி வந்த ஒருவர் தன் உடம்புக்கே சொல்லிக்கொள்கிற அதட்டலாகத்தான் அது இப்போது என் காதில் விழுகிறது. கோர்ட்டில் திரும்ப எம்பிய முதல் நாள் நானும் கத்தினேன்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரியோ இறுதியை விட்டுவிடுங்கள், அதில் நம் கண் சிந்துவை விட்டு நகராது. 2019 சாங்ஜோ இறுதியின் மூன்றாவது கேமைப் போட்டுப் பாருங்கள். இறகுப்பந்தைப் பின்தொடராமல் மரினின் வலது காலை மட்டும் கவனியுங்கள். தாய் சூ யிங் வலது பின்மூலைக்கு உயரமாக அனுப்பும்போதெல்லாம் மரின் எம்புகிறாரா, எம்பியவர் எந்தக் காலில் இறங்குகிறார் என்று பாருங்கள்.