உள்ளாட்சி அலுவலகத்தில் சமவாய்ப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

நகராட்சிகளில் பணியாளர் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் நகராட்சிக் குழாய்ப் பணியாளருக்கு விபத்தில் ஒரு கால் போய்விட்டது. விருப்ப ஓய்வு கேட்பதாக எழுதித் தரச் சொல்கிறார்கள் அதிகாரிகள்.

பதில்: அவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், முதலில் அதைச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை. காலியிடம் இல்லையா? பொருத்தமான இடம் வரும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, அவருக்கென்றே உருவாக்கும் கூடுதல் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு, வரிப் பிரிவு என்று உட்கார்ந்து செய்யும் வேலை எவ்வளவோ உண்டு. மனுவை எழுத்தில் கொடுத்து, தபால் பிரிவில் பதிவு எண் வாங்கச் சொல்லுங்கள். எண் வாங்காத மனு பிறகு 'வரவே இல்லை' ஆகிவிடும்.

கேள்வி: வாசலில் சாய்தளம் கட்டிவிட்டோம். போதுமா?

பதில்: கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழைந்து திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு ஒதுக்கீட்டை முழுக்கக் கால் பாதிப்பு உள்ளவர்களைக் கொண்டே நிரப்பினோம். சரிதானே?

பதில்: இல்லை. பார்வை, செவி, கை கால் இயக்கம் ஆகிய பாதிப்புகளுக்குத் தலா 1 விழுக்காடு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் இவற்றுக்கெல்லாம் சேர்த்து 1. தகுந்தவர் கிடைக்காவிட்டால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் கிடைக்காவிட்டால்தான் இந்த வகைகளில் வேறொன்றுக்கு மாற்றலாம்.

கேள்வி: தூய்மைப் பணிப் பெண்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அவர்களின் பாலியல் தொந்தரவுப் புகாரை எங்கள் உள்ளகக் குழு (இத்தகைய புகார்களை விசாரிக்கும் அலுவலகக் குழு) ஏன் விசாரிக்க வேண்டும்?

பதில்: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013 சட்டத்தில் 'ஊழியர்' என்றால் ஒப்பந்தத் தொழிலாளரும் முகவர் வழியாக வந்தவரும் அடக்கம். விசாரியுங்கள்.

மீண்டும் அவரே: சம்பளம் நாங்கள் கொடுப்பதில்லையே?

பதில்: சம்பளமே வாங்காதவரும் அந்த வரையறைக்குள் வருகிறார்.

வேறொருவர்: ஒப்பந்ததாரரிடம் அனுப்பிவிடுவதுதானே நடைமுறை?

பதில்: அந்த நடைமுறைதான் தப்பு. காலையில் வார்டில் வருகைப்பதிவு எடுப்பவர் உங்கள் மேற்பார்வையாளர். அவர்மீது ஒப்பந்ததாரர் என்ன நடவடிக்கை எடுக்க முடியும்? அந்தப் பெண்ணைத்தான் நிறுத்துவார். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் அதுதான் நடந்தது. புகார் சொன்னவர் ஒரே வாரத்தில் வேலையில் இல்லை. இன்றும் மனசு ஆறவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் வர வேண்டும், அதனால் குழுவினர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வார்டு அலுவலகச் சுவரில் இன்றே ஒட்டுங்கள்.

கேள்வி: என் புகாரை வாய்மொழியாகச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். எழுத்து, பதிவு எண். மாற்றுத்திறனாளி குறை என்றால் குறைதீர் அலுவலர் 2 வாரத்தில் விசாரிக்க வேண்டும். அந்த 2 வாரம் பதிவான நாளிலிருந்துதான் ஓடும்.

கேள்வி: பதவி உயர்வில் இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இடம் போகும் வரிசை முறை) எப்படி?

பதில்: பணி வழக்கு பார்க்கும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் பற்றி முதலில் கேட்டவர்: சரி, ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்கலாமா?

பதில்: அவசியம் சேருங்கள். புகார் கொடுத்தவரை விசாரணை முடியும்வரை நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று அடுத்த டெண்டரில் ஒரு வரி போடுங்கள். அவரே மாறுதல் கேட்டால் மட்டும் விலக்கு. வரைவை அனுப்பினால் படித்துத் தருகிறேன்.