மணியாச்சியில் பத்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

மணியாச்சி ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத விரும்புகிறேன். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதைத் தவிர அந்த நிலையத்துக்கு வரலாறு என்று எதுவும் கிடைக்கவில்லை. மீதிப் பக்கங்களை எதைக் கொண்டு நிரப்புவது? 'வாஞ்சி மணியாச்சி' என்று பெயர் மாறிய கதையிலிருந்து தொடங்கலாமா?

ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம் வட்டம்

அன்புள்ள தம்பி,

பெயர் மாற்றத்துக்கு ஒரு பத்தி போதும். வரலாறே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஆஷ் அன்று காலை மணியாச்சியில் ஏன் இருந்தார் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? அந்த ஊரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர், திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்தபடி, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். கொழும்புக் கப்பலில் வந்திறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு அந்த மெயில் வந்து சேர ஏறத்தாழப் பத்து நிமிடம் இருந்தது. 1876இல் மதுரை–தூத்துக்குடிப் பாதையும் அதிலிருந்து திருநெல்வேலிக்குப் பிரியும் கிளையும் திறக்கப்பட்டபோதே, கரிசல் காட்டின் நடுவே ஒரு வண்டி இன்னொரு வண்டிக்காக நிற்கும் அந்தப் பத்து நிமிடமும் பிறந்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இலங்கைக்கான கப்பல் வழி தனுஷ்கோடி–தலைமன்னாருக்கு மாறியதும் போட் மெயில் தூத்துக்குடியைக் கைவிட்டது. ஆக, இன்னும் மூன்றே ஆண்டு கழித்து ஆஷ் கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தால், அவர் காத்திருக்க அங்கே அந்த மெயிலே இருந்திருக்காது. துப்பாக்கியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது, தம்பி.

மீட்டர் கேஜ் காலத்தில் நானும் அந்த நடைமேடையில் எத்தனையோ இரவுகள் இணைப்பு வண்டிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன். நிற்காமல் கடக்கும் சரக்கு வண்டிக்காக, பாயிண்ட்ஸ்மேன் என்று நாங்கள் சொல்லும் நிலைய ஊழியர் ஒரு பெரிய பிரம்பு வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். வளையத்தின் அடியில் தொங்கும் தோல் பைக்குள்தான், அடுத்த நிலையம் வரை போகலாம் என்பதற்கு அடையாளமான டோக்கன் இருக்கும். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாரிக்கொள்ள, அவர்கள் வீசிய பழைய வளையம் ஜல்லியில் உருண்டு எங்கோ இருட்டில் விழும். அரிக்கேன் விளக்கோடு அவர் அதைத் தேடிப் போவதை, தூக்கம் கலைந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், தண்டவாளத்தில் இறங்கியதற்காகக் காதைத் திருகினார்.

அவரைப் போன்றவர்களின் பிள்ளைகள் உங்கள் வட்டத்திலேயே இருப்பார்கள். ஒரு வீட்டுக்காவது போனீர்களா? கூகுளில் தேடிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலி வண்டி வந்து நின்றுவிட்டது, மெயில் இன்னும் வரவில்லை, அங்கிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.