விடியற்காலை உடற்பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரவு பன்னிரண்டு மணி வரை ஊக்கமூட்டும் பேச்சுகளைக் கேட்டுவிட்டு, நாலரைக்கு அலாரம் வைத்துப் படுக்கிறேன். அது அடித்ததும் அணைத்துவிடுகிறேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமாம். எனக்கு நான்காம் நாளே நின்றுவிடுகிறது. மன உறுதியை வளர்ப்பது எப்படி?

பதில்: தம்பி, உங்களுக்குக் குறைவாக இருப்பது தூக்கம், மன உறுதியைப் பற்றிப் பிறகு பேசலாம். நள்ளிரவு வரை எழுச்சிப் பேச்சைக் கேட்டுவிட்டு விடியலில் எழ முடியவில்லையே என்று வருந்துவோரின் கடிதம் வாரந்தோறும் வருகிறது. அந்தப் பேச்சாளர்கள் பத்து மணிக்கே உறங்கியிருப்பார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று இப்பகுதியில் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பின்னிரவில், ஏறத்தாழ நான்கு, ஐந்து மணியளவில்தான் உடலின் வெப்பநிலை மிகக் குறைந்திருக்கும். அரைகுறைத் தூக்கத்திலிருந்து அந்நேரத்தில் எழுப்பப்படும் மூளை தெளிவடைய அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த மயக்கத்தில் தலையணைக்கடியில் கைவிட்டு அலாரத்தை அணைப்பதை வைத்து உங்களை நீங்களே சோம்பேறி என்று தீர்மானிப்பது நியாயமில்லை.

21 நாள் கதையையும் இன்றோடு விட்டுவிடுங்கள். முக அறுவைக்குப் பின் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆவதாக ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து, ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டு எல்லாப் பழக்கத்துக்கும் விதியாக்கிவிட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் குடி முழுகிப் போகவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே நான்காம் நாள் தவறினால் ஐந்தாம் நாள் தொடருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி வீதம் முன்னால் நகர்த்தி ஒன்பதரை மணிக்குக் கொண்டு வாருங்கள், அலைபேசியைச் சமையலறை மேடையில் சார்ஜில் போட்டால், அலாரத்தை நிறுத்த நடந்துதான் ஆக வேண்டும், எழுந்ததும் விளக்கைப் போடுங்கள். காலணியையும் காலுறையையும் வாசற்படியருகே வைத்துவிட்டுப் படுங்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிட நடை போதும். பக்கத்துத் தெருவில் ஒருவர் உங்களுக்காகக் காத்து நிற்கும்படி செய்துகொண்டால், எந்தப் பேச்சாளரும் தேவைப்பட மாட்டார்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் நடக்கலாமா? (ஈரோடு)

பதில்: வயது, எத்தனை ஆண்டு நோய், என்ன மருந்து என எதையுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா சொல்ல முடியும்? இன்சுலினோ, கிளிமிப்பிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்போருக்கு அது அரிது. இன்சுலினோ கிளிமிப்பிரைடு வகையோ எடுப்பவர்கள் நடக்குமுன் பரிசோதித்து, நூற்றுக்குக் கீழே இருந்தால் ஒரு சிறு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

கேள்வி: நான்கரைக்கு எழுந்து கட்டுத்தரையைக் கூட்டி, மூன்று மாடு பீய்ச்சி, ஆறு மணிக்குள் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். மருமகள், இது உடற்பயிற்சி ஆகாது, தனியாக நடக்க வேண்டும் என்கிறாள். (கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் மருமகள் சொல்வது பாதி சரி, அம்மா. உடல் உழைப்பு உழைப்புதான். ஆனால் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில், மூச்சு வாங்காமல் குனிந்து நிமிர்வது சேராது. இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இடுப்பை வளைத்துக் கூட்டுவது முதுகுக்குக் கேடு. நீளக் கைப்பிடி விளக்குமாறு வாங்குங்கள். நடையை மாலையில், வெயில் தாழ்ந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு மேல் விடியல் வேண்டியதில்லை.

கேள்வி: ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பேசிக்கொண்டே நடக்கிறோம். பயன் உண்டா? (கோவை)

பதில்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது.

கேள்வி: பல்லடம் நூற்பாலையில் இரவு ஷிப்ட். காலை ஆறரைக்கு வீடு திரும்பியதும் ஓடலாமா?

பதில்: வேண்டாம். அந்நேரம் உங்களுக்கு இரவு. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுத் தூங்குங்கள்; எழுந்தபின் மாலையில், ஷிப்டுக்கு முன் செய்யுங்கள். தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் விடியலில் சென்னிமலைப் படி 1,320-ஐயும் ஏறி இறங்க ஆசை. வயது 58. முழங்கால் சற்று வலிக்கும்.

பதில்: ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சுமை. வாரம் இருமுறை ஏறுங்கள். இறங்கும்போது மலைப்பாதையில் வண்டியில் வாருங்கள். மற்ற நாட்களில் சமதரை நடையும், நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சியும் போதும். நெஞ்சில் அழுத்தம், தாடையில் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் படியிலேயே உட்கார்ந்துவிடுங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். முதல் படியில் கால் வைக்குமுன் ஒரு முறை இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நடைக்கு முன் காபி குடிக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: குடிக்கலாம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு குடிப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.