யதார்த்த ஓவியம் என்றால் போட்டோ மாதிரி வரைவதா?

இல்லை. அச்சு அசலாக வரைவது கைத்திறமை. அது எந்த ஓவியருக்கும் இருக்கலாம். யாரை, எந்த நிலையில் வரையத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் யதார்த்தவாதம் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் இது ஓர் இயக்கமாகவே கிளம்பியது. 1849இல் குஸ்தாவ் கூர்பே 'கல் உடைப்பவர்கள்' வரைந்தார். சாலையோரம் ஒரு பெரியவர், ஒரு பையன். இருவர் முகமும் சரியாகத் தெரியாது. கிழிந்த சட்டையும், காலுறை ஓட்டையில் தெரியும் குதிகாலும்தான் கண்ணில் படும். அப்புறம் ஊர்ச் சாவு ஒன்றை ஆறு மீட்டருக்கும் அதிக அகலத்தில் வரைந்தார். அந்த அளவெல்லாம் அதுவரை வரலாற்று, புராண நாயகர்களுக்குத்தான்! விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள். (முதல் ஓவியம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது.)

சரி, நம் கொங்குப் பக்கம் வருவோம். காங்கேயம் காளையை ஒவ்வொரு மயிரும் தெரிய வரைந்து, பின்னால் பச்சை வயலும் சிரிக்கும் பெண்ணும் வைத்தால், என்னைக் கேட்டால் அது காலண்டர் படம். சோமனூர் விசைத்தறிக் கொட்டகையில், புருவத்தில் பஞ்சு ஒட்டியபடி குனிந்து அறுந்த இழையை முடிபோடும் தறிக்காரரை டியூப்லைட் வெளிச்சத்தோடு வரையுங்கள், அது யதார்த்தம். கோடு கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை.