மாஸ்டர் பிளானும் உங்கள் சர்வே எண்ணும்: கேள்வி பதில்

நகரமைப்புத் திட்ட வரைவு வேலையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். தமிழ்நாட்டு விதிகளை வைத்து மட்டும் சொல்கிறேன். பத்திரம் பார்த்து வில்லங்கம் சொல்வது வக்கீல் வேலை, அதை என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: மாஸ்டர் பிளான் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதை மாநகராட்சியா போடுகிறது?

போட வேண்டியது அவர்கள்தான் என்பது என் எண்ணம். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த 12ஆவது அட்டவணையில், அதாவது நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் வேலைகளின் பட்டியலில், முதல் இனமே நகரத் திட்டமிடல்தான். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஆனால் நடைமுறையில் சென்னைப் பகுதிக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களுக்கு டிடிசிபியும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அதன் கீழுள்ள திட்டக் குழுமங்களும் இதைச் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம், எங்கே ரோடு வரும் என்று வரைபடத்தில் வண்ணம் பூசி, கூடவே விதிகளும் எழுதி அரசிதழில் வெளியிடுவதுதான் மாஸ்டர் பிளான். சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. இதற்கிடையே 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. புதிதாக உள்ளே வந்த கிராமத்துக்காரர்கள் தங்கள் நிலம் இனி எந்த வகையில் வரும் என்று இப்போதிருந்தே கவனிக்க வேண்டும்.

கேள்வி: சார், பட்டா என் பெயரில் இருக்கிறது. வீடு கட்டலாம்தானே?

பட்டா, நிலம் யாருடையது என்பதற்கான வருவாய்த் துறைப் பதிவு. அதில் என்ன கட்டலாம் என்பதை நிலப் பயன்பாட்டு வகைதான் சொல்லும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சிஎம்டிஏ இணையதளத்திலோ, உங்கள் மாவட்ட டிடிசிபி அலுவலகத்திலோ முதலில் வகையைப் பாருங்கள். விவசாய வகையில் இருந்தால் பண்ணை வீடு, மாட்டுக் கொட்டகை மாதிரி சிலவற்றுக்குத்தான் இடம் உண்டு. மாஸ்டர் பிளானே இல்லாத பகுதி என்றால் 1971 சட்டத்தின் 47-அ பிரிவைப் பார்க்க வேண்டும். விவசாய நிலத்தை மாற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் கேட்பார்கள்.

கேள்வி: வரைவுத் திட்டம் வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறார்களே, மனு கொடுத்தால் ஏதாவது நடக்குமா? எல்லாம் கண்துடைப்பு என்கிறார் எங்கள் வார்டுக்காரர்.

நடக்கும். இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதே 1971 சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி அறிவிப்பு வந்த பிறகு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஒரு காகிதம் செய்கிற வேலையை, திட்டம் அரசிதழில் வந்த பிறகு பத்து வருஷம் அலைந்தும் செய்ய முடியாது.

பிரச்சினை மனுவின் லட்சணத்தில் இருக்கிறது. 'எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்' என்று முந்நூறு கையெழுத்தோடு வருகிற மனுவை வைத்து வரைபடத்தில் எந்தக் கோட்டைத் திருத்துவது? கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, வரைவில் என்ன வகை காட்டியிருக்கிறது, தரையில் உண்மையில் என்ன இருக்கிறது, உங்களுக்கு என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும். இத்தனையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். கூடவே புலப்பட நகலையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டு நகலையும் (ஒவ்வொரு உட்பிரிவும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) வையுங்கள். இரண்டும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள்.

புலப்படத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வாய்க்கால் அதில்தான் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் செம்மண் கொட்டி மேடாக்கிய வெறும் மனைதான் இருக்கும். புலப்படத்தில் அதே இடத்தில் இரண்டு மெல்லிய கோடு ஒரு புலத்தின் மூலையில் நுழைந்து அடுத்த புலத்துக்குப் போகும். அந்த உட்பிரிவை அ-பதிவேட்டில் தேடினால் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். வரைவு தயாரிக்கிறவர் ஆயிரக்கணக்கான புலங்களைப் பார்க்கிறார், அவர் கண்ணுக்கு அது தப்பலாம். அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர் நீங்கள்தான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் மனை வழியாக ஸ்கீம் ரோடு, அதாவது திட்டத்தில் வரப்போவதாகச் சொல்லும் ரோடு, காட்டியிருக்கிறார்கள். பல வருஷமாக ரோடும் வரவில்லை, கட்டவும் விடவில்லை.

அதே சட்டத்தின் 38ஆவது பிரிவைப் படியுங்கள். பொதுத் தேவைக்கென்று ஒதுக்கிய நிலத்தை, திட்ட அறிவிப்பு வந்து 3 வருடத்துக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அது விடுவிக்கப்பட்டதாகவே கருத வேண்டும். ஆனால் வரைபடத்திலிருந்து கோடு தானாக அழியாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றம்தான் வழி. இந்தப் பிரிவை வைத்து நிவாரணம் பெற்றவர்கள் நிறைய.

கேள்வி: பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை, விலை குறைவாக வருகிறது. வாங்கலாமா அண்ணா?

வாங்காதீர்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 20.10.2016க்கு முந்தைய அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்த 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த மனை என்றால் பேச்சே வேண்டாம்.

கேள்வி: கூட்டுப் பட்டா இருக்கிறது. கடை கட்டலாமா?

மேலே இரண்டாவது பதில். சர்வே எண், நிலப் பயன்பாட்டு வகை.

கேள்வி: ஐயா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு, இந்தப் பக்கம் விவசாயம் என்று கோடு போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்காரர் மனை போட்டு விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார். நான் நெல் போட்டுக் கடனாளி ஆனேன். ஊருக்கு அரிசி வேண்டும் என்பதற்கு நான் மட்டும் ஏன் தண்டம் அழ வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லாத திட்டம் நிற்காது. உங்கள் கோபம் நியாயம். ரோட்டை எல்லையாக வைப்பது வரைகிறவருக்குச் சுலபம், அவ்வளவுதான். தண்ணீருக்கு ரோடு தெரியாது. எல்லை போட வேண்டியது ஏரியின் ஆயக்கட்டையும் (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) வடிகாலையும் பார்த்து. உங்கள் நிலம் ஆயக்கட்டில் இல்லாத மேட்டுப் புன்செய் என்றால் வகை மாற்றம் கேளுங்கள், 32ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

(இடையில் இன்னொருவர்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பக்கம் முடிச்சூரில் மாட்டிக்கொண்டவன் நான். இவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்து நூறு பேர் வருவார்கள். விவசாய வகையைத் தொடவே கூடாது.)

நீங்கள் பட்டது எனக்குப் புரிகிறது. அடையாற்றின் வெள்ளம் பரவுகிற தாழ்நிலத்தில் வீடு வந்ததன் விலையை உங்கள் பகுதி கொடுத்தது. ஆனால் எல்லா விவசாய வகை நிலமும் வெள்ளம் தாங்குகிற நிலம் இல்லை, குடியிருப்பு வகையில் இருப்பதெல்லாம் மேடும் இல்லை. வரைபடத்தின் நிறத்தைக் காப்பாற்றுவதை விடத் தாழ்நிலத்தைக் காப்பாற்றுங்கள்.

(கட்டடக்கலை மாணவி ஒருவர்: இப்படி வகை பிரிப்பதே பழைய முறை. உரிமையாளர்களே முடிவு செய்யட்டும், சந்தை சரிசெய்துகொள்ளும்.)

குடியிருப்புக்கும் கடைக்கும் நடுவே இவ்வளவு பெரிய சுவர் வேண்டாம் என்றால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் ஏரியின் நீர்ப்பிடிப்பில் ஒருவர் மண் கொட்டினால் மூழ்குவது அவர் வீடு அல்ல, கீழே இருப்பவர் வீடு. அந்த நஷ்டம் விற்பனை விலையில் எங்குமே ஏறுவதில்லை. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புக்கும் தென்சென்னைக் கடலோர நிலத்தடி நீர் ஊறும் மணற்பகுதிக்கும் இரண்டாவது மாஸ்டர் பிளானில் தனிக் கட்டுப்பாடு வைத்தது இதற்காகத்தான்.

நெல் போட்டுக் கடனாளி ஆன ஐயாவுக்கு இன்னொன்று. ரோட்டுக்கு நிலம் கொடுத்தவருக்கு அதற்கு ஈடாகக் கட்டும் உரிமை தருகிற வளர்ச்சி உரிமை மாற்றம் என்று ஒன்று நம் விதிகளில் இருக்கிறது. அவர் அந்தக் கட்டும் உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஊருக்காகத் தாழ்நிலத்தைச் சும்மா வைத்திருக்கும் விவசாயிக்கும் அப்படி ஒரு வருமானம் கிடைக்க வேண்டும். குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற பெயரில் எல்லோருடைய நிலத்தையும் சேர்த்து, ரோடும் பூங்காவும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த முறையில் லாபமும் பாரமும் ஒருவர் தலையில் மட்டும் விழாது. ஆட்சேபணை மனுவில் இதையும் எழுதுங்கள்.

கேள்வி: பட்டா மாறுதல் செய்துவிட்டேன், இனி கட்டலாமா?

மூன்றாவது தடவை. சர்வே எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: வங்கிக் கடனுக்கு எந்தச் சான்று கேட்பார்கள்?

வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் இப்போது செட் போடுகிறார்கள். மனை விற்றவர் அது தன் இடம் என்கிறார்.

பெரிய மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியாக விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரியும். பதிவாகியிருந்தால் அது உள்ளாட்சியின் சொத்து, ஆணையருக்கோ ஊராட்சிக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். பதிவாகவில்லை என்றால் புகாரை வரைபடத்தோடு டிடிசிபிக்கு அனுப்புங்கள். செட்டுக்குக் கூரை ஏறுவதற்குள் இந்த வாரமே செய்யுங்கள்.