அரசிலைக்குள் முகங்கள்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் 28 மாணவர்களின் படங்களையும் மாவிலைத் தோரணமாகக் கோத்து, நினைவு மலரின் அட்டையில் இட விரும்புகிறேன். கிம்ப் மென்பொருளில் ஒவ்வொரு படத்தையும் இலை வடிவில் தேர்ந்தெடுத்து, வெளிப்பகுதியை அழித்து, ஜேபெக் கோப்பாகச் சேமித்தேன். அட்டையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இலையைச் சுற்றியும் வெள்ளைக் கட்டம் தெரிகிறது. இலைகளும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கட்டணம் கட்டி வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?
(ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: வாங்க வேண்டியதில்லை, அம்மா. கிம்ப் 1995-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள். அன்று முதல் இன்று வரை இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் மலருக்கு வேண்டியவை அனைத்தும் அதிலேயே உள்ளன.

முதலில் வெள்ளைக் கட்டத்தைப் பார்ப்போம். கணினியில் உள்ள எந்தப் படமும் உண்மையில் செவ்வகம்தான். நாம் இலையாகவோ வட்டமாகவோ வெட்டுகிறோம் என்று சொல்லும்போது, அந்தச் செவ்வகத்தில் வேண்டாத பகுதியைக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவச் செய்கிறோம், அவ்வளவே. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற தகவலை ஆல்பா சேனல் என்னும் தனிப் பகுதி வைத்திருக்கிறது. ஜேபெக் கோப்பில் அந்தத் தகவலுக்கு இடமே கிடையாது. ஆகவே சேமிக்கும் நேரத்தில் வெற்றிடம் முழுவதும் ஏதேனும் ஒரு நிறத்தால், பெரும்பாலும் வெள்ளையால், நிரப்பப்பட்டுவிடுகிறது. 1996-இல் வெளிவந்த பிஎன்ஜி வடிவம் அந்தத் தகவலைத் தாங்கும். எனவே முடிந்த படத்தைப் பிஎன்ஜி கோப்பாகவே ஏற்றுமதி செய்யுங்கள். அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சாதாரணப் படமாக அனுப்பினால் மீண்டும் ஜேபெக்காக மாறிவிடும் என்பதால், அச்சகத்திற்கு ஆவணமாக இணைத்து அனுப்புவது அவசியம்.

இலைகள் ஒன்றுபோல் அமையாததற்குக் காரணம், 28 முறையும் கையால் தனித்தனியாக வெட்டியதுதான். ஒரே அச்சைச் செய்துகொண்டு, அதற்குள் படங்களை மாற்றி மாற்றி வையுங்கள். இலை 5 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக அச்சாக வேண்டுமானால், அங்குலத்திற்கு 300 பிக்சல் (படப்புள்ளி) என்ற அச்சுக் கணக்குப்படி 591 பிக்சல் அகலம், 709 பிக்சல் உயரத்தில் ஒரு புதிய கோப்பைத் திறவுங்கள். அதிலுள்ள அடுக்கை (லேயர், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தாள் போன்றது) ஏதேனும் ஓர் இளநிறத்தால் நிரப்பி, ஓர் அடுக்குக் குழுவை உருவாக்கி, அதற்குள் இழுத்து வைத்துவிடுங்கள். இந்த அடி அடுக்கு இறுதிவரை அங்கேயே இருக்கட்டும். குழுவின் அளவு அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்துச் சுருங்கும். சுருங்கினால் நாம் அடுத்து வரையப்போகும் வடிவத்தின் ஓரமும் வெட்டுப்படும். அதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு.

அடுத்து, பாதை வரையும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகையில் B எழுத்தை அழுத்தினால் போதும். இலையின் காம்பு, இரு பக்க வளைவுகள், நுனி என ஐந்தாறு புள்ளிகள் மட்டும் வையுங்கள். புள்ளிகள் குறைவாக இருந்தால்தான் வளைவு வழுவழுப்பாக வரும். புள்ளியைச் சொடுக்கியபடியே இழுத்தால் கோடு வளையும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு முதற்புள்ளியைச் சொடுக்கினால் பாதை மூடும். பிறகு என்டர் விசையை அழுத்தினால் அது தேர்வாக மாறும். இப்போது அடுக்குக் குழுவின் மேல் வலப்புறமாகச் சொடுக்கி, லேயர் மாஸ்க் சேர்க்கும் கட்டளையில், தேர்விலிருந்து உருவாக்கு என்ற வாய்ப்பைக் குறியுங்கள். மாஸ்க் என்பது ஒரு திரை: அதில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மறையும். எதுவும் அழிவதில்லை. ஒரு பிள்ளையின் காது சற்று வெட்டுப்பட்டுவிட்டது என்று நாளைக்குத் தெரிந்தாலும் படத்தைச் சற்று நகர்த்தினால் காது திரும்பி வந்துவிடும். நீங்கள் செய்ததுபோல் அழித்துச் சேமித்துவிட்டால், மீண்டும் மூலப்படத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

இனி மாணவர் படங்களை ஒவ்வொன்றாக, அடுக்காகத் திறக்கும் கட்டளையின் வழியே, அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்து, அகல உயர விகிதம் மாறாமல் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, முகம் இலையின் நடுவில் அமையும்படி நகர்த்தி, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். மூலக்கோப்பை எக்ஸ்சிஎஃப் என்னும் கிம்பின் சொந்த வடிவில் தனியே சேமித்துவைத்தால் அடுத்த ஆண்டு மலருக்கும் அதே அச்சு உதவும். குழுவின் மேல் மாஸ்க் இடும் வசதி 2018-இல் வெளிவந்த 2.10 பதிப்பில்தான் வந்தது என்பதால், பள்ளிக் கணினியில் இருப்பது அதற்கு முந்திய பதிப்பாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாவிலை ஒடுக்கமானது, அதற்குள் முகத்தை வைத்தால் கன்னங்களும் காதுகளும் வெளியே போகும். முகம் முழுவதும் தெரியும்படி படத்தைச் சிறிதாக்கினால், அட்டையில் பிள்ளைகளை அடையாளம் காண்பதே கடினமாகிவிடும். அரசிலையோ வெற்றிலையோ மேற்புறம் அகன்று கீழே கூர்மையாக முடிவதால், நெற்றியும் கன்னங்களும் அகன்ற பகுதியில் அமைய, தாடை நுனியை நோக்கி இறங்கும். முகத்திற்கென்றே அமைந்த வடிவம் அது. தோரணத்தில் அரசிலை தொங்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கேள்வி: மறைந்த என் பாட்டியின் பழைய படத்தை நாளிதழில் நினைவஞ்சலிக்குக் கொடுக்க வேண்டும். வட்டமாக வெட்ட முயன்றால் முட்டை வடிவமே வருகிறது.
(ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நீள்வட்டத் தேர்வுக் கருவியின் அமைப்புகளில் விகிதத்தை நிலையாக்கி 1:1 எனக் குறித்துவிட்டால் வட்டம் பிசகாது. ஆயினும் பழைய ஸ்டூடியோ படங்களுக்கு, உட்கார்ந்த கோலமும் புடவைத் தலைப்பும் சேர்ந்து தெரியும் நீள்வட்டமே பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். வட்டத்திற்குள் அடைத்தால் தோள்கள் போய்விடும். விளிம்பை மென்மையாக்கும் அமைப்பில் பத்துப் பதினைந்து பிக்சல் கொடுத்தால் பின்னணி மெல்லக் கரைந்து, பாட்டியின் முகம் தாளோடு இயல்பாகப் பொருந்தும்.

கேள்வி: தமிழ் என்ற சொல்லின் எழுத்துகளுக்குள் எங்கள் இயக்கத்தின் நிகழ்ச்சிப் படங்கள் தெரியும்படி பதாகை செய்ய முடியுமா?
(ஒரு கல்லூரி மாணவர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: முடியும். இதற்கு இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் ஏற்றது. அது கோடுகளைப் புள்ளிகளாக அல்லாமல் கணிதச் சூத்திரங்களாக வைத்திருப்பதால், பதாகை எவ்வளவு பெரிதானாலும் எழுத்தின் விளிம்பு சிதையாது. படத்தின் மேல் சொல்லை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் பட்டியலில் கிளிப் கட்டளையைக் கொடுங்கள். மேலே இருப்பது வெட்டும் வடிவமாகும். ஆகவே சொல்தான் மேலே இருக்க வேண்டும். எழுத்துரு நன்கு தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய கோட்டுக்குள் எந்த முகமும் தெரியாது. ழகரத்தின் மேல் உள்ள புள்ளிக்குள் படத்தின் எந்தப் பகுதி விழுகிறது என்றும் பாருங்கள், ஒருவரின் கண் மட்டும் அதில் தெரிந்தால் நன்றாக இராது. படத்தைச் சேர்க்கும்போது இணைப்பாக வைக்காமல் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்; எழுத்துகளையும் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். இவ்விரண்டையும் செய்யாமல் அனுப்பினால், அச்சகத்தின் கணினியில் படமும் இராது, உங்கள் எழுத்துருவும் இராது.